அக்காவுக்கும் அதே நோய்தான்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில். அப்பா தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். எனக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா. காயம்பட்டால் ரத்தம் எளிதில் உறையாது. "ஆம்பளைப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்" என்று அன்றைய மருத்துவர் சொன்னதை வீடே நம்பியது. நான் தடுக்கி விழுந்தால் கடையை மூடிவிட்டு அப்பா ஓடிவருவார். ஐஸ் கட்டியோடு அவருக்கு முன்பே வந்து நிற்பவர் அக்கா.

அக்காவுக்கு மாதவிலக்கு வந்தால் லேசில் நிற்காது. பள்ளியில் மயங்கி விழுந்திருக்கிறார். ஒருமுறை பல் பிடுங்கிவிட்டு வந்தவர், காலையில் ரத்தம் தோய்ந்த தலையணையிலிருந்து எழுந்தார்.

"பொம்பளைன்னா உள்ளதுதான். எனக்கும் இப்படித்தான் போச்சு" என்பார் அம்மா. மருத்துவர்கள் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். அடையாறில் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் அக்கா அடர்நிறப் புடவைகளையே உடுத்தினார். ஏனென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முன், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் கோளாறு உண்டா என்று மருத்துவர் கேட்டார். அத்தானும் நானும் உடனிருந்தோம்.

"தம்பிக்கு ஹீமோபிலியா இருக்கு டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா.

மருத்துவரும் மேலே கேட்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தம் நிற்கவே இல்லை. தையல் பிரிந்திருக்கும் என்று மறுபடியும் திறந்து பார்த்தார்கள். கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான் ஹீமோபிலியாவுக்கான பரிசோதனையைச் செய்யச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் எனக்கு இருப்பதுபோலவே அக்காவுக்கும் குறைவாக இருந்தது. அதற்கான ஊசி மருந்து என் வீட்டு பிரிட்ஜில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் கைவிட்டிருந்தது. அக்கா கண் திறக்கவில்லை.

பிறகு அம்மாவுக்கும் பரிசோதித்தார்கள். அவருக்கும் குறைவுதான். "அப்ப அது சகஜம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அக்காவின் பள்ளித் தோழியருக்கும் எங்கள் கடை ஊழியர்களுக்கும் நன்றி. எங்களுக்கு மீன் தரும் பட்டினப்பாக்கத்து அம்மாவின் மகன், "இன்னும் வேணும்னா சொல்லு சார், நம்ம பசங்கள இட்டாரேன்" என்று கடைசிவரை மருத்துவமனை வாசலிலேயே நின்றார்.

கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று உங்களில் பலர் என்னிடம் அழுதீர்கள். நீங்கள் தந்த ரத்தம் அக்காவிடம் தங்கவில்லை. அதில் உங்கள் குறை எதுவுமில்லை.