மேஸ்திரி வீட்டுக்கு விடாத மனிதர்

மேஸ்திரி, என் மகளிடமிருந்து அவள் அப்பாவைப் பறித்தவர் நீர்தான். ஊரெல்லாம் ஆள் விழுந்த அந்தப் பெரிய காய்ச்சல்கூட எங்களுக்கு அவரைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் உம்மிடம் மூட்டை தூக்கினார். விடியுமுன் போவார், பிள்ளை தூங்கிய பிறகு வருவார். கப்பல் வந்து நின்றால் ஞாயிறு லீவும் கிடையாது. “அப்பா எங்கே?” என்று பிள்ளை கேட்டால், “கப்பல்ல” என்பேன். வேறென்ன சொல்ல?

பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்ததும் எங்கள் சந்து முழுவதையும் அடைத்துவிட்டார்கள். முனையில் போலீஸ்காரன் நின்றான். அரிசியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். நான் ஆப்பம் சுட்டு விற்பவள், வாங்க ஆளில்லை. கல்யாணமான பிறகு பகலில் நான் காலை நீட்டி உட்கார்ந்தது அப்போதுதான். அவரோ துறைமுகச் சங்கு ஊதியதும் எழுந்து, துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார்.

பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள்:

“அம்மா, இந்த மாமா ஏன் இன்னும் போகல?”

“மாமாவா? உங்கப்பன்டி நான்!”

“எங்கப்பா கப்பல்ல இருக்காரு.”

அவர் சிரித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் முதல் மாவாட்டியது அவர். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அவர். சடை போட உட்கார்ந்தால் முடியை மூன்று காலாகப் பிரித்து இறுக்கி முறுக்குவார். பிள்ளைக்குக் கண் இரண்டும் மேலே போய்விடும். எதிர்வீட்டு அக்கா சன்னலிலிருந்து கத்துவாள்:

“தம்பி, அது தலமுடிலா! தொங்கான் படகு கட்டுற கயிறு இல்ல!”

“அவுராதுலா, அக்கா. வேணும்னா இழுத்துப் பாருங்க!”

பிள்ளை எதிர்வீட்டுப் பெண்ணிடம், “எங்கப்பா போட்ட சடை தூங்கி எழுந்தாலும் அவுராது. உங்கப்பாவுக்குத் தெரியுமா?” என்று சண்டை போட்டாள். உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தவர் குழவியை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

சந்து திறந்த அன்றே ஆள் கூப்பிட நீரே வந்தீர். அவர் உம்மிடம் கெஞ்சியதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

“மேஸ்திரியண்ணே, வாரத்துல ஒருநா பொழுதோட விட்டுடுங்க. புள்ள முழிச்சிருக்கையில வரணும்.”

“ஏன்டா, சட பின்னப் போறியா? பூ வாங்கித் தரட்டுமா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்தபடி நான் நின்றேன்.

அன்று முதல் பிள்ளை என்னிடம் தலையைக் கொடுக்கவில்லை. “அப்பா வரட்டும்” என்றாள். அவர் வரும்போது தூங்கிப்போயிருப்பாள். சிக்கு விழுந்து, பேன் பிடித்து, கடைசியில் கத்தரிக்கோலால் நானே ஒட்ட வெட்டினேன். அவர் வந்து, தூங்குகிற பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார்.

இப்போது அவருக்கு முதுகு போய்விட்டது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில், நிபோங் திபாலில், குடித்தனம் நடத்துகிறாள்.

நீர் கோயில் கூட்டத்தில் முன்வரிசையில் சந்தனம் பூசி உட்காருகிறீர். வருகிற வெள்ளிக்கிழமை அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லும்: வாரத்தில் ஒரு சாயங்காலம் அவரை விட்டிருந்தால் உம்முடைய எந்தக் கப்பல் முழுகியிருக்கும்? பெண்கள் பக்கத்தில் நான் இருப்பேன். எனக்குக் கேட்கும்படி சொல்லும்.