ஒட்டகம் பிடித்த சனிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் நானும் கணவரும் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் பகுதியில் ஒரு சின்ன அடுக்குமாடிப் பிளாற்றில் இருந்தோம். நான் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்தேன். அவர் எஞ்சினியர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வானத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. தொலைநோக்கிக்கான கண்ணாடியைக் கடையில் வாங்காமல் தானே தேய்த்துச் செய்தார். நான் சமைக்கும் குசினி நடுவில் ஓர் எண்ணெய்ப் பீப்பாயை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடியை வைத்து, மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்தார். அந்தத் தேய்ப்புப் பொடி சோற்றில் கடிபடும். சொன்னால், "நல்லா அரிச்சுப்போட்டுச் சமையும்" என்பார்.

அந்த ஒக்ரோபர் நீண்ட வார இறுதியில் அமாவாசை வந்தது. கூடவே நவராத்திரியும் தொடங்கியது. சிட்னியில் இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடிப் பூசை வைப்பதாக இருந்தது. கடலையும் மோதகமும் கொண்டு வருவதாக நான் ஒத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் ரெலிபோனில் அறை பதிந்துவிட்டார். மேற்கே பதினொரு மணி நேர ஓட்டத்தில், மரமே இல்லாத வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு சிறிய ஊர். உயரமான இடம், காற்றில் ஈரமில்லை, நட்சத்திரம் ஆடாது என்றார். அதே சனிக்கிழமை அங்கே ஊர்த் திருவிழாவும் இருந்தது.

"உமக்குக் கொண்டாட்டம்தானே வேணும். அங்கையும் ஒண்டு இருக்கு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினேன். பின் இருக்கையில் தொலைநோக்கியின் குழாய் என் போர்வையில் சுற்றிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் போய்ச் சேர்ந்தோம். ஒரே தெரு. இரு பக்கமும் தகரக் கூரைகள், செம்மண் புழுதி, கம்பத்துக்குக் கம்பம் கட்டிய வண்ணக் கொடிகள். ஹோட்டலை நடத்தியவர் வயிறு பெருத்த, சிவந்த கழுத்துக்காரர். ரெலிபோனில் என் கணவரின் ஆங்கிலத்தைக் கேட்டு வேறு யாரையோ எதிர்பார்த்திருக்கிறார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்பக்க அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்றார். பின்பக்கம், பியர்ப் பீப்பாய்களைக் குளிர வைக்கும் மெஷினுக்கு மேலே ஓர் அறை தந்தார். விடியும்வரை கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

காலைச் சாப்பாட்டின்போது அவர் எங்கள் மேசைக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருவிழாக் குழுவின் தலைவரும் அவர்தான். ரயில் வருவதற்கு முன் இந்த ஊருக்குச் சாமான்கள் எல்லாம் ஒட்டகத்தில்தான் வந்தன, ஒட்டகங்களை நடத்தி வந்தவர்களை ஆப்கான்காரர் என்று சொல்வோம், இன்றைய ஊர்வலத்தில் ஓர் ஒட்டகம் போகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போக ஆப்கான்காரர் ஒருவர் வேண்டும் என்றார்.

"நாங்கள் சிலோன்காரர்" என்றார் என் கணவர்.

"அது போதும்" என்றார் அவர்.

கணவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். நாங்கள் தொலைநோக்கியை இறக்கியதைக் கண்டிருந்த ஹோட்டல்காரர் விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சியில் ஒரு வெளிச்சமும் தெரியாது, அது என் தம்பியின் ஆட்டுப் பண்ணை நிலம், படலை பூட்டியிருக்கும், பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது, ஊர்வலத்துக்கு வந்தால் தருகிறேன் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நடந்தால் நன்றாக இருக்கும்" என்றார்.

"மாட்டேன்" என்றேன். என் கணவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பத்து மணிக்கு அவரைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஹோட்டலின் பழைய திரைச்சீலையைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார்கள். ஆட்டு மயிருக்குக் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசித் தாடியாக ஒட்டியிருந்தார்கள். ஒட்டகத்தின் மறுபக்கத்தில் பண்ணை ஆள் ஒருவன் உண்மையான கயிற்றைப் பிடித்திருக்க, என் கணவர் அலங்காரக் கயிறு ஒன்றைப் பிடித்து நடந்தார். முன்னால் லொறியில் கிரீடம் வைத்த பெண்ணொருத்தி, பின்னால் தீயணைப்பு வண்டி. மதுச்சாலை வாசலில் நின்ற ஒருவன் ஏதோ ஒரு முஸ்லிம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையிலிருந்த பியரை அவர் காலடியில் ஊற்றினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்துக் கை காட்டினார்.

துணிக்கடை வாசலில் என் பக்கத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பூப்போட்ட சட்டை, வெயிலில் கறுத்த முகம், பச்சைக் கண்கள்.

"அது உன் புருஷனா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"என் அப்பா நாற்பது ஒட்டகங்களோடு இந்த ஊருக்கு வந்தவர். அந்த ஹோட்டலில் இருக்கிற பியானோவைக் கொண்டு வந்ததும் அவர்தான். அவரை மயானத்துக்குள்ளே புதைக்க விடவில்லை, வேலிக்கு வெளியேதான் கிடக்கிறார். நாங்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறோம். ஒருவராவது எங்கள் கதவைத் தட்டவில்லை. சிட்னியிலிருந்து ஆள் பிடித்திருக்கிறார்கள்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "நாங்கள் முஸ்லிம்கள்கூட இல்லை. இந்துக்கள்" என்றேன். எங்களை அவருடைய ஆட்களோடு சேர்த்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அவருக்கும் அது விளங்கிவிட்டது.

"பிறகு ஏன் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போகிறான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பொழுதுபட்டதும் காரில் மலைக்குப் போகும்போது நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் நாடியில் பொலிஷ் கறை இன்னும் போகவில்லை.

"அதுக்கு நான் என்ன செய்யிறது? அந்த மனுசி குழுவோடையெல்லோ சண்டை பிடிக்கவேணும்" என்றார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையே?"

"திறப்புக் கிடைச்சிட்டுதுதானே. விடும்."

உச்சியில் காற்று கத்திபோல வெட்டியது. விருச்சிகம் மேற்கே தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை நட்சத்திரங்களை நான் அதற்கு முன் ஒரே இடத்தில் கண்டதில்லை. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. "ஒருக்கா வந்து பாரும்" என்று அவர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன்.

பிறகு அவர் கமராவைப் பொருத்தினார். தெற்கு வானத்தின் ஒரு மூலையை நாற்பது நிமிடம் படம் பிடிக்கப் போவதாகவும், சின்ன வெளிச்சம் பட்டாலும் எல்லாம் வீண் என்றும் சொன்னார். ஒரு கண்ணைக் குழாயில் வைத்து, நட்சத்திரத்தின் ஓட்டத்துக்கு ஏற்ப விரலால் ஒரு திருகாணியை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு குனிந்தபடி நின்றார். குளிரில் என் காலில் உணர்ச்சியே இல்லை. சிட்னியில் இந்நேரம் பூசை முடிந்து கடலை பகிர்வார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. கணவர் எதையும் நினைக்காமல் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். நான் எட்டி, காரின் முன்விளக்குகளைப் போட்டேன்.

மலை முழுக்க வெள்ளையாகியது. குனிந்திருந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"லைற்றை நிப்பாட்டும்" என்றார். குரல் உயரவில்லை.

நிப்பாட்டினேன். அவர் கார்க் கதவருகே வந்து இருட்டில் நின்றார்.

"பிழையாக் கை பட்டதோ?"

ஓம் என்று சொல்ல அவர் இடம் தந்தார். அது எனக்குத் தெரிந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் போய்க் குழாயைக் கழற்றத் தொடங்கினார். நான் இறங்கி உதவவில்லை.

ஞாயிறு காலை, அந்த அம்மாவின் வீடு எது என்று ஹோட்டல்காரரிடம் கேட்டேன். கடைசித் தெரு என்று சொல்லிவிட்டு, அவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார். நான் தனியே நடந்து போனேன். வீட்டின் முன்னே கம்பிவலைக் கதவு. உள்ளே வெங்காயம் வதங்கும் மணம். அந்த அம்மா வலைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேற்று நான் சொன்னது தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் திரும்பி உள்ளே பார்த்தார்.

"அடுப்பில் சமையல் இருக்கிறது" என்றார். பிறகு வலைக்கதவுக்கு உள்ளே இருந்த மரக்கதவையும் சாத்தினார். அதில் அவர் செய்த பிழை ஒன்றுமில்லை.

சிட்னிக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் மட்டும் கணவர் "தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படம் கழுவி வந்தபோது ஒரே வெள்ளை. அதை எனக்குக் காட்டவில்லை. குப்பைக் கூடையில் நானாகக் கண்டேன்.

பல வருடங்கள் அவர் ஒட்டகக் கதையை ஆட்கள் கூடும் இடங்களில் சொன்னார். திரைச்சீலை, ஆட்டு மயிர்த் தாடி எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். ஆட்கள் கண்ணீர் வரச் சிரிப்பார்கள். அந்த அம்மா கதையில் வருவதில்லை. ஒரு தரம் யாரோ கேட்டார்கள், "படம் எப்பிடி வந்தது?"

"முகில் மறைச்சுப்போட்டுது" என்றார், என்னைப் பாராமல்.

அன்றைக்கு அங்கே ஒரு முகிலும் இருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, அந்தப் பேச்சையே வேண்டாமென்று விட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வானம் பார்க்க எங்கே போனாலும் அவர் தனியாகத்தான் போனார். நானும் வாறன் என்று நான் சொல்லவில்லை.