ஆறாவது இடத்தில் ஒன்று

அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறாள். ஒரே வாரத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை வந்திருந்த நாட்காட்டியை, இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு கையைக் காட்டி நிறுத்தியவள். சாப்பிடப் போன இடத்தில் விலைப்பட்டியலைக் கொடுத்தாலும் அவள் கை பேனாவைத்தான் தேடும்.

போன வருடம், பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டுவது எப்படி என்ற புத்தகம் அவள் மேசைக்கு வந்தது. மூன்று தடவை மெய்ப்புப் பார்த்ததில் அட்டை முதல் அட்டை வரை மனப்பாடமாகிவிட்டது.

"எழுதினவரே மறந்திருப்பாரு, எனக்கு மறக்கல. நானே ஒண்ணு பூட்டப் போறேன்" என்றாள் கணவரிடம். அவர் பேருந்து ஓட்டுபவர்.

"தாராளமா பூட்டு. புகை வந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடு."

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டி முடித்தாள். பொத்தானை அமுக்கியதும் விசிறி சுழன்றது, திரை வெளுத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறுநாளே அச்சகத்திலிருந்து சிறுவர் புவியியல் நூல் ஒன்றைத் தட்டச்சு செய்ய வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எல்லாம் மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ஒருநாள் காலையில் கோப்பைத் திறந்தால், 'மாலைவனத்தில் மழை பெய்வது அரிது' என்று இருந்தது.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. விசைப்பலகையில் பகரமும் மகரமும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் தடுக்கியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திருத்தினாள். நாலு நாள் கழித்து, 'கடைசி வரியைப் படி' என்ற இடத்தில் 'கடைசி வழியைப் படி' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் தொடவே இல்லை. ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நடுவே இரண்டு விசைகள் வேறு இருக்கின்றன. முந்தின நாள் அச்செடுத்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதில் 'வரி' என்றுதான் இருந்தது.

யாருடைய கையும் படாமல் ஓர் எழுத்து மாறியிருக்கிறது! இத்தனை வருடத்தில் அவள் பார்த்த பிழைக்கெல்லாம் ஓர் ஆள் இருந்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்தவன், அவசரக்காரன், படிப்பு அரைகுறையானவன். இதற்கு ஆளே இல்லை.

"பூதக்கண்ணாடி வீட்டுக்கே பூதம் வந்துடுச்சா?" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. நேத்து ரெண்டு தடவை தானா நின்னும் போச்சு."

புத்தகத்தின் பதினோராம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. நினைவகத்தைச் சோதிக்க ஒரு சிறு நிரல் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் எதையாவது எழுதும், உடனே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஞாயிறு காலை அதை ஓட விட்டாள். அரை மணி நேரத்தில் கறுப்புத் திரையில் ஒரு சிவப்பு வரி. இருக்க வேண்டியது என்ன என்று ஒரு பத்தியிலும், உண்மையில் இருந்தது என்ன என்று அடுத்த பத்தியிலும் காட்டியது.

"அடியம்மா, இதுவும் மெய்ப்புப் பாக்குதே!" என்றாள் சத்தமாக.

இரண்டு நினைவகப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். மதியம்வரை ஒரு சிவப்பும் இல்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கழற்றி வைத்ததைச் செருகினாள். மறுபடி சிவப்பு. அதையே வேறு துளையில் மாற்றிச் செருகினாலும் அதே இடம், அதே பிழை. துளைமேல் குற்றமில்லை, பட்டைதான் கெட்டிருக்கிறது.

யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அவளுக்கு எழுத்து மாறிய கதை தெரிந்தாக வேண்டும். புத்தகத்தின் பின்னிணைப்பில், கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஒன்றும் சுழியுமாக எப்படி வைத்துக்கொள்கிறது என்ற அட்டவணை இருந்தது. பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில், எழுத்துக்கு எழுத்து மாறுகிற கடைசி எட்டு இலக்கங்களை மட்டும் எழுதினாள்.

ப 10101010
ம 10101110

ஆறாவது இடம். அங்கே மட்டும்தான் வித்தியாசம். அடுத்ததை எழுதினாள்.

ர 10110000
ழ 10110100

அதுவும் ஆறாவது இடம்! சுழியாக இருக்க வேண்டிய ஒரே ஒரு புள்ளி ஒன்றாகவே உறைந்துபோயிருக்கிறது. அதன்மேல் வந்து உட்கார்ந்த பாலைவனம் மாலைவனமாகிவிட்டது.

"இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். "ப-ன்னு சொல்லுங்க."

"ப."

"இப்ப ம."

"ம." அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டுக்கும் உதடு ஒட்டுது. ஏன் கேக்கிற?"

"உள்ளேயும் ரெண்டும் அவ்வளவு பக்கத்துல இருக்குங்க. ஒரே ஒரு புள்ளிதான் தூரம்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பட்டையில இந்த மாதிரி எத்தனை புள்ளி இருக்கும்?"

பட்டைமேல் எட்டு ஜிபி என்று இருந்ததை வைத்து அவள் பெருக்கிப் பார்த்தாள். ஆறாயிரத்து எண்ணூறு கோடிக்கு மேல் வந்தது. தப்போ என்று மறுபடியும் பெருக்கினாள். அதே கணக்குதான். பேனா நீளப் பட்டையை இருவரும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இத்தனை கோடியும் நாள் முழுக்கச் சொன்ன சொல் மாறாமல் நிற்கின்றன. ஒன்று மட்டும் மாறி நின்றதை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் கடைக்காரர் பட்டையை வாங்கியபடி, "அடிக்கடி நின்னுடுதா அக்கா?" என்றார்.

அவள் தாளை நீட்டினாள். அவர் கல்லாவை விட்டு எழுந்து வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்.

"எத்தனையோ பேருக்கு மாத்திக் குடுத்திருக்கேன். எந்த எழுத்தைத் தின்னுச்சுன்னு யாருமே சொன்னதில்லக்கா. இந்தத் தாளை நான் வெச்சுக்கட்டுமா?"

புதுப் பட்டை வந்தது. ஒருநாள் முழுக்கச் சோதித்தும் சிவப்பு தலைகாட்டவில்லை. பிறகு அவள் புவியியல் நூலை முதல் பக்கத்திலிருந்து கைப்பிரதியோடு ஒப்பிட்டாள். 'பனி' ஓரிடத்தில் 'மனி' ஆகியிருந்தது. ஆறாவது இடத்தின் வேலை. இன்னோரிடத்தில் 'மாநிலம்' என்பது 'மானிலம்' என்றிருந்தது. அட்டவணையைப் பார்த்தாள். அங்கே மாறியிருந்தது எட்டாவது இடம்.

"இந்தத் தப்பு என்னோடது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, திருத்தி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.