ஓரகத்தி கேட்ட ஓட்டு

அகோயாவிடம் கேட்டால் கிடைக்கும் என்று எங்கள் தீவில் ஒரு பேர். அவளுடைய தையல் மெஷின் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஊசி உடைந்துதான் வீடு திரும்பும். அவள் காய்ச்சும் தென்னம்பாகுக்காக வாசலில் எப்போதும் யாருடைய போத்தலாவது காத்திருக்கும். இதில் அவள் மனசு பாதி, எங்கள் வழக்கம் பாதி. 'புபுதி' என்று சொல்லி ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கேட்டவருக்கு அவமானம், கொடுக்காதவருக்கு அதைவிடப் பெரிய அவமானம். கேட்பவர்களும் அளவறிந்துதான் கேட்பார்கள். ஒரு பாய், ஒரு கோழி, பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை. தேர்தல் வந்த வருஷம் அந்த அளவு தவறிப்போயிற்று.

நாடாளுமன்றத்தில் எங்கள் தீவுக்கு ஒரே இடம். அந்த முறை பழைய மெம்பரையும் சேர்த்து ஐந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவன் பவுரோ, அகோயாவின் அண்ணன். அப்பா கடலோடு போன பிறகு கப்பல் வேலைக்குப் போய் அவளை ஆளாக்கியவன். இன்னொருவர் தோவகாய், அவள் புருஷன் தெபாவின் அண்ணன். எந்தக் கூட்டத்திலும் அகோயா புருஷன் வீட்டாரின் இடத்தில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். தோவகாய் பேசி முடித்ததும் கை தட்டினாள். ஓட்டு மட்டும் அண்ணனுக்கு என்று மனசுக்குள் முடித்து வைத்திருந்தாள். பவுரோ கேட்கவில்லை. தன்னுடையதை யாராவது கேட்பார்களா?

தோவகாயின் பெண்சாதி தெரேசியா ஒரு காலையில் வந்தாள். அகோயா அடுப்பில் பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கை எடுத்தால் பாகு அடிப்பிடித்துவிடும்.

"உன்கிட்ட ஒரு புபுதி, அகோயா."

"கேளுங்க அக்கா. சட்டிதானே? இது இறங்கினதும் எடுத்துட்டுப் போங்க."

"சட்டி என்கிட்டயே இருக்கு. உன் ஓட்டு."

அகோயா கிண்டுவதை நிறுத்தவில்லை. 'கேளுங்க' என்று வாய் முந்திவிட்டது. எங்கள் பெண்கள் எல்லோருமே செய்கிற தப்புதான்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

சாயங்காலம் தெபாவ் பாளை சீவிவிட்டு இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"உள்ள போய் நீ யாருக்குப் போடறேன்னு அண்ணி எட்டிப் பாக்கவா போறாங்க?"

"ஒருத்தருக்குப் பாயைக் குடுத்துட்டு, அவங்க அசந்த நேரமாப் பாத்து நீங்க போய் எடுத்துட்டு வருவீங்களா?"

தெபாவ் குடுவைப் பதநீரை வடிகட்டப் போய்விட்டான்.

அகோயா ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் விழாவிட்டால், பின்னால் நிற்பவர்களைக் கழித்துவிட்டு முன்னால் இருக்கும் மூன்று பேரை வைத்து அடுத்த வாரம் மறுபடி ஓட்டு. முதல் ஓட்டு ஓரகத்திக்கு, இரண்டாவது அண்ணனுக்கு. பவுரோ மூன்றுக்குள் வந்துவிட வேண்டும், அவள் ஓட்டு இல்லாமலே. அது ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டில் அவன் கழிந்துபோனால்? எங்கள் ஊரில் அப்படியும் நடந்திருக்கிறது.

ஓட்டுப் போட்ட அன்று வரிசையில் பவுரோ அவளைப் பார்த்தான். "வெயில்ல நிக்காதே, அந்த மர நிழலுக்கு வா. உன் இடத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெயிலிலேயே நின்றாள். உள்ளே போய்த் தோவகாய்க்கு நேராகக் குறி போட்டாள்.

ஓட்டு எண்ணுவது தீவின் வடக்குக் கோடியில். வானொலி மறுநாள்தான் சொல்லும். அதற்கு முன்னால் எங்களுக்கு மரம் சொல்லும். சாயங்காலம் ஆண்கள் பாளை சீவ ஏறியிருப்பார்கள். வடக்கே இருப்பவன் அடுத்த மரத்துக்காரனுக்குக் கத்துவான், அவன் அடுத்தவனுக்கு. சேதி தென்னை உச்சியோடே தெற்கே வந்து சேரும். அகோயா மரத்தடியில் அண்ணாந்து நின்றாள்.

"பழைய மெம்பர்தான் முதல்ல. ஆனா பாதியைத் தாண்டலை" என்றான் தெபாவ் மேலிருந்து.

"அப்புறம்?"

"ரெண்டாவது எங்கண்ணன்."

"மூணாவது?"

"இரு. பக்கத்து மரத்துக்காரன் பாட்டு ஆரம்பிச்சுட்டான்."

"பாட்டை நிறுத்தச் சொல்லுங்களேன்."

"பாளை சீவறப்ப பாடறவனை நிறுத்தச் சொல்றதா? பதநீர் வத்திடும்பான்."

அந்தப் பாட்டு மொத்தத்தையும் அவள் நின்று கேட்டாள். கழுத்து வலித்தது. பாடி முடித்துத்தான் அவன் சேதியைச் சொன்னான். மூன்றாவது பவுரோ. நாலாவது ஆள் அவனைவிட இரண்டே ஓட்டு குறைந்து கழிந்துபோனான். அகோயா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நிம்மதி இரண்டு நாள் கூட நிற்கவில்லை. தேவாலயத்துக்கு வெளியே தெரேசியா அவள் கையைப் பிடித்தாள்.

"நல்லா நடந்துச்சு. அடுத்த வாரமும் அப்படியே போட்டுடு."

"அது முடிஞ்சுதே, அக்கா."

"எது முடிஞ்சுது? தேர்தலே முடியலை. பாயைக் குடுத்தவ அடுத்த வாரம் வந்து சுருட்டிட்டா போவா?"

தான் சொன்ன பாய் அவளையே வந்து மூடியது. அந்த வாரம் இரண்டு முறை பாகு கருகியது. தெபாவ் ஒன்றும் சொல்லாமல் கருகியதையே சோற்றில் ஊற்றித் தின்றான். போத்தலோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். இப்படி ஒரு வாரத்தை அவள் வீட்டில் நாங்கள் பார்த்ததில்லை.

ஓட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அகோயா தெரேசியா வீட்டுக்குப் போனாள். தெரேசியா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு புபுதி."

தெரேசியாவின் கத்தி நின்றது. "என்னன்னு முதல்ல சொல்லு."

"அப்படிக் கேக்கற வழக்கம் இல்லையே."

தெரேசியா மீனைப் புரட்டிப் போட்டாள். அந்தப் பக்கம் செதிலே மிச்சமில்லை. "சரி, கேளு."

"உங்க ஓட்டு. எங்கண்ணனுக்கு."

"நிக்கறது என் புருஷன், தெரியுமில்ல?"

"நான் உங்களுக்குக் குடுத்தப்போ நின்னது என் அண்ணன்."

ஈ மொய்த்தது. தெரேசியா விரட்டவில்லை. "உன் ஓட்டையே திருப்பிக் கேட்டிருக்கலாமே, கழுதை" என்றாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லை, அக்கா."

"எடுத்துக்கோ. போ. எடுத்துட்டுப் போ."

மறுநாள் இரண்டு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தி வரிசையில் நின்றார்கள். வெளியே வந்த தெரேசியாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒரு ஓட்டுல என் புருஷன் தோத்தா நான் செத்தேன்" என்றாள் மெதுவாக. "ஒரு ஓட்டுல எங்கண்ணன் தோத்தா நானும்தான்" என்றாள் அகோயா. கணக்குப் பார்த்தால் அவரவர் ஓட்டை அவரவர் ஆளுக்கே போட்டிருந்தாலும் இதேதான். அந்தக் கணக்கு இரண்டு பேரிடமும் எடுபடவில்லை.

சாயங்காலம் தெரேசியா தன் வீட்டுக்குப் போகாமல் அகோயாவோடு அதே மரத்தடிக்கு வந்தாள். வடக்கிலிருந்து கத்தல் கேட்டது. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். அகோயா ஓரகத்தியின் மணிக்கட்டை எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"பழைய மெம்பரே மறுபடியும்" என்றான் தெபாவ். "பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாரு. நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் கிட்டக்கூட வரலை."

கீழே ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு.

"என்ன சிரிப்பு? ரெண்டு வீட்டு ஆளும் தோத்துட்டாங்கன்னு சொல்றேன்."

"காதுல விழுந்துச்சு, நீங்க பாளையைப் பாருங்க" என்றாள் அகோயா.

தெரேசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் தோவகாய் இந்நேரம் சேதி கேட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஏதாவது இனிப்பாகக் கொடுக்க வேண்டும்.

"பாகு இருக்கா?"

"புபுதியா, அக்கா?"

"வேண்டாம்மா. சும்மா கேக்கறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

இருந்தது. கருகாதது ஒரே ஒரு போத்தல், பவுரோவுக்கென்று எடுத்து வைத்தது. அகோயா அதில் பாதியை இன்னொரு போத்தலில் ஊற்றினாள்.