சர்வேயர் அண்ணாச்சியின் சிகாகோ

என் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் சர்வேயர் அண்ணாச்சி அந்தத் தாளை முதன்முதலாக விரித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழவழப்பான டிரேசிங் தாள். பென்சிலில் எங்கள் சங்கரன்கோவில்: ரத வீதிகள், பஸ் ஸ்டாண்டு, தண்டவாளம், கிழக்கே குளம். அதன் மேலேயே சிவப்பு மையில் கட்டம் கட்டமாக இன்னோர் ஊர். இரண்டுக்கும் நடுப்புள்ளி ஒன்றுதான். கோயில் கோபுரம் இருக்கிற இடத்தில் சிவப்பில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார். "ரெண்டு காப்பி எடும்மா. கோடு மங்கப்படாது" என்றார். எடுத்த காப்பியில் அந்த ஊரின் கோடுகள் அழுத்தமாக விழுந்திருந்தன. நம் ஊரின் கோடு ஒன்றுகூட விழவில்லை. பென்சில் மெலிசு, அதனால்தான் என்று கறுப்பைக் கூட்டி வைத்து மறுபடி எடுத்தேன். அப்போதும் விழவில்லை. அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அண்ணாச்சி அந்த ஆபீசில் தலைமை சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இப்போது அவர் இல்லை. நிலம் அளக்க வருகிற பையன்கள் கையடக்கமான ஒரு கருவியை நட்டு வைத்துவிட்டு நிழலில் நின்று போன் பார்க்கிறார்கள். அண்ணாச்சி இருந்தால் அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், சிகாகோ. பாஸ்போர்ட்டுக்கு எழுத வருகிறவர் யாராவது, "அமெரிக்கான்னா நியூயார்க்தான அண்ணாச்சி?" என்று வாயைக் கொடுத்தால் போதும். "ஏன், அதுக்கு அங்கிட்டு ஊரே கெடையாதாவே?" என்று ஆரம்பித்துவிடுவார். "ஆத்தைத் திருப்பிப் பின்னால ஓடவிட்ட ஊருவே அது. எரிஞ்சு சாம்பலாப் போயி எந்திரிச்ச ஊரு. நின்ன கட்டடத்த ஜாக்கி வச்சுத் தூக்கி அடியில சாக்கடை போட்டிருக்கான். வானத்தைப் பாத்து முதமுதல்ல மாடி மேல மாடி கட்டினது அங்கனதான். பேரைத் தட்டிட்டுப் போனது வேற ஊரு." வேறு யாராவது, ஒரு சாமியார் போய்ப் பேசின ஊர்தானே என்பார்கள். யூனியன்காரர் மே தினத்தைச் சொல்வார். இரண்டுமே அவருக்குப் பற்றாது. "ஒரு நாள் பேச்சையும் ஒரு நாள் சண்டையையும் வச்சா ஒரு ஊரை எடை போடுவீய?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அவர் கட்சிதான். மெட்ராஸில் போய் சங்கரன்கோவில் என்று சொன்னால், "திருநெல்வேலிக்குப் பக்கத்திலா?" என்றுதானே கேட்கிறார்கள்?

அந்த ஊரில் அவரை மயக்கியது கதவு எண். நகரத்தின் நடுவே ஒரு நாற்சந்தியைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்களாம். அங்கிருந்து கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்பதுதான் வீட்டு எண். எண்ணைச் சொன்னால் தூரமே தெரிந்துவிடும். "அளந்து வச்ச ஊரும்மா" என்பார். சர்வேயருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும், அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. அவருடைய ஒரே மகள் அங்கேதான் இருந்தாள். வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். "எனக்குப் பிள்ளையே கெடையாது" என்று அண்ணாச்சி ஆபீஸ் வராந்தாவில் நின்று சத்தமாகச் சொன்னதை நானே கேட்டேன். அவள் ஒரு தடவை கடிதம் போட்டாள். தபால்காரர் நீட்டியதும், "வாங்கலன்னு எழுதித் திருப்பி விடும்வே" என்றார். ஆனால் திருப்பி அனுப்பும் முன் உறையின் மூலையை ஒரே ஒரு பார்வை பார்த்திருக்கிறார். தெருப் பெயர், கதவு எண், கூடவே திசைக்கு ஓர் எழுத்து. சர்வேயர் கண்ணில் பட்ட எண் அழியுமா? அதற்கப்புறம் எட்டு வருஷம், மகள் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. வந்ததெல்லாம் சிகாகோதான். அந்த ஊருக்குச் சேரவேண்டிய மரியாதை சேரவில்லை என்று இவர் சண்டை போடும்போது, மரியாதை கொடுக்காத ஆள் யார் என்று கேட்டுவிட எனக்கு நாக்கு துடிக்கும்.

அந்தத் தாளை விரித்த நாளிலிருந்து அவர் நடக்க ஆரம்பித்தார். விடிந்ததும் கோபுர வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, காலடியை எண்ணிக்கொண்டே கிழக்கே போவார். மகளின் கதவு எண் கணக்குப்படி இரண்டரைக் கிலோமீட்டர். நம் ஊரில் அது வறண்ட குளத்துக்கு நடுவில் போய் முடிந்தது. அங்கே ஆடு மேய்க்கிற அக்கா ஒரு நாள் ரேஷன் கார்டு நகலுக்கு வந்தவள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "எம்மா, ஒங்க சர்வேயரு கொளத்துக்குள்ள நின்னு கதவு தட்டுதாரு."

"கொளத்துல ஏதுக்கா கதவு?"

"அதத்தான் நானும் கேக்கேன். செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, வெறும் காத்துல தட்டுதாரு. கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டுட்டுப் போயிருதாரு. அதுகூடப் போகட்டும். எம் ஆடுக அந்த எடத்துல மிதிக்க மாட்டேங்குது. சுத்திப் போகுது."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸ்கூட்டரை அந்தப் பக்கம் விட்டேன். பங்குனி வெயிலில் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆட்டுக் குளம்புத் தடம் நேராக வந்து, ஓர் இடத்தில் சடக்கென்று திரும்பி, நாலடி போய் மறுபடி சடக்கென்று திரும்பியிருந்தது. சுவர் மூலையில் திரும்புகிற திருப்பம். ஆடு புல்லைப் பார்த்துப் போகும், வளைந்து வளைந்து போகும். இப்படி மட்டம் வைத்த மாதிரிப் போகாது. தடத்துக்கு உள்ளே இருந்த மண்ணில் என் காலை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி கடைக்கு வந்தபோது அவர் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. துவைத்த ஈரமும் இல்லை. காகிதம் எடுத்துக் கொடுக்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி ஜில்லென்றிருந்தது. "எங்க அண்ணாச்சி நனைஞ்சிய?" என்றேன். குனிந்து வேட்டியைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. "ஏம்மா, ஒன் கம்ப்யூட்டர்ல அந்த ஊரைக் காட்டுமா?" என்று கேட்டார்.

அதுவரை அவர் கம்ப்யூட்டரில் பார்த்ததே கிடையாது. ஒரு பழைய அட்லஸ் பக்கத்தை வைத்துத்தான் வரைந்திருந்தார். அதில் கிழக்குப் பாதி கிழிந்து போயிருந்தது. நேர்கோடாகப் போகிற ஊர்தானே, இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்று கோட்டை இவரே நீட்டிவிட்டிருக்கிறார். நான் அவர் சொன்ன தெருவைக் கண்டுபிடித்து, பூஜ்யத்திலிருந்து கிழக்கே அளந்துகொண்டு போனேன். கட்டடங்கள் முடிந்தன, ரோடு முடிந்தது, கரை முடிந்தது. "இன்னும் போ" என்றார். போனேன். இரண்டரைக் கிலோமீட்டர் வந்தபோது திரை முழுக்க நீலம். அந்த ஊரின் ஏரி. சமுத்திரம் மாதிரி ஏரி.

அண்ணாச்சி திரையையும் தன் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "எம் புள்ள தண்ணிக்குள்ளயா இருக்கா?" என்றார். எம் புள்ள என்ற வார்த்தையை எட்டு வருஷத்தில் அன்றுதான் கேட்டேன். அவள் போன் நம்பர் கிடையாது, கேட்க ஆள் கிடையாது. அப்போதுதான் தோன்றியது. "அண்ணாச்சி, அது மேற்கா இருக்குமோ? அந்தத் தெருவுல மேற்கயும் அதே நம்பர் இருக்கே."

"முப்பத்தாறு வருஷத்துல நான் தெசை மாத்தி எழுதினதில்ல."

"அப்படின்னா ஒங்க மக ஏரிக்குள்ளதான் குடியிருக்கணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு வருத்தமாக இருந்தது.

சர்வேயர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அளவுப் புத்தகத்தில் தப்பு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. பழைய அளவு கண்ணுக்குத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, திருத்தத்தைப் பக்கத்தில் எழுதி, தப்பு செய்தவரே கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி தாளை என் மேஜையில் விரித்தார். குளத்தின் மேல் இருந்த சிவப்புப் புள்ளியை அடித்தார். மேற்கே புதுப் புள்ளி வைத்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் தாளைப் பார்த்தபடியே மகள் பெயரைச் சொன்னார், ஒரே ஒரு தடவை.

"இப்பவே லெட்டர் போடுவோம்" என்றேன். "எடத்தைப் பாக்காம எழுதப்படாதும்மா. நாளைக்குப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

தனியாக விட மனமில்லாமல் மறுநாள் காலை ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். மேற்கே இரண்டரைக் கிலோமீட்டரில் விற்காத வீட்டுமனைகள். கல் நட்டிருந்தது, கட்டடம் ஒன்றுகூட இல்லை. ஓர் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். கையைத் தூக்கிக் காற்றில் மூன்று தட்டு தட்டினார். எனக்குக் கேட்டது. மரக்கதவில் தட்டுகிற சத்தம், மூன்று தடவை, அந்த வெட்டவெளியில். மணி ஆறரை. சிகாகோவில் முந்தின நாள் ராத்திரி எட்டு. எங்கிருந்தோ கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசனை வந்தது. சுற்றிலும் அரை மைலுக்கு அடுப்பே கிடையாது. அண்ணாச்சி காதைக் கொடுத்துக் கேட்டார். "ஆளு இருக்கு. உள்ள நடமாட்டம் கேக்கு" என்றார். கொஞ்ச நேரம் நின்றோம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து நான் கடையைத் திறந்தேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். தாலுகா ஆபீஸ் பியூன் ரோட்டின் குறுக்கே ஓடி வந்தான். "சர்வேயர் சார், ஒங்களுக்குப் போன். அமெரிக்காவாம்!" சர்வே செக்ஷன் நம்பர் மாறவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவைக் கூப்பிட அவள் மனப்பாடம் செய்த நம்பர் அது. ஆபீஸ் எப்போது திறக்கும் என்றும் அவளுக்குத் தெரியும்.

நானும் கூடவே ஓடினேன். அண்ணாச்சி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "ஊரு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எட்டு வருஷம் கழித்துப் பெற்ற மகளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தப் பக்கம் அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ரொம்ப நேரம் என்னவோ சொன்னாள். "ம்" கொட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு வந்து கதவத் தட்டினது நாந்தானான்னு கேக்கா" என்றார்.

அப்புறம் ரிசீவரிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமா தாயி, நாந்தான். நாளைக்கும் வாரேன். தாழ்ப்பாள் போட்டுராத."