விழவரின் வியர்வு

அந்தப் பிள்ளையின் பேச்சில் பிழை இருந்தது. கேட்ட உடனேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் "நல்லா இருக்கு, எதையும் மாத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் மாவட்டப் போட்டிக்குப் போய், ஓர் அரங்கமே சிரிக்க மேடையில் நின்றாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு ஆண்டுகளாகத் தமிழாசிரியர். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பொறாமையில் செய்தேன். அந்தப் பொறாமையும் அவள்மீது அல்ல, எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர்மீது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இலக்கிய மன்றம், நான்தான் பொறுப்பாசிரியர். ஒரு மாணவன் வரவேற்பான், ஒருவன் எழுதி வந்ததைப் படிப்பான், ஒருவன் நன்றி சொல்வான். மற்றவர்கள் பெல்லுக்காகக் காத்திருப்பார்கள். அது எனக்குக் குறையாகப் பட்டதே இல்லை. இலக்கியம் என்றால் கொஞ்சம் கொட்டாவி வரத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

டிரில் மாஸ்டர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் பேசுவது கன்னடம், எட்டாவது வரை படித்ததும் கன்னடம். ஒரு வெள்ளிக்கிழமை மழையில் மைதானம் சேறாகிவிட, தன் வகுப்புப் பிள்ளைகளை மன்றத்துக்கு ஓட்டி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு எழுந்து, "ஐயா, இவங்கள ரெண்டு டீமாப் பிரிச்சு வுட்டா என்னாங்க?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டார். கிராமமா, நகரமா என்று ஒரு தலைப்பு. பேசி முடித்தவன் கோட்டைத் தாண்டி எதிரணியில் ஒருவனைத் தொட வேண்டும். தொடப்பட்டவன் உடனே எழுந்து பதில் சொல்ல வேண்டும், திணறினால் அவுட். அன்றைக்கு பெல் அடித்தும் யாரும் எழவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஜன்னலுக்கு வெளியேயும் பிள்ளைகள் நின்றார்கள். ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர், "இப்பத்தான் மன்றம் மன்றம் மாதிரி இருக்குதுங்க" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். எனக்கு அன்று டீ இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அற்பங்கள். ஒரே நாற்காலி இருந்தால் பிள்ளைகள் அதை யாருக்குப் போடுகிறார்கள்? நான் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், சிரிப்பதற்கு முன் ஏன் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்? மைதானத்தில் அவர் சிரிப்பு கேட்டால் வகுப்பு ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். வெயில் அடிக்கிறது என்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "இன்னிக்கு உங்க டிரில் மாஸ்டரு என்னா பண்ணாரு?" என்று கேட்பாள். அவ்வளவுக்கு அவர் பேச்சையே பேசியிருக்கிறேன். அவரோ என்னைப் பார்த்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். அவர்மேல் கோபப்பட ஒரு காரணத்தைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

மாவட்டப் பேச்சுப்போட்டி வந்தது. தலைப்பு உழவு. பள்ளிக்கு இரண்டு பேர் போகலாம். ஒருவன் நான் தயார் செய்த பையன். எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். இன்னொருத்தி டிரில் மாஸ்டர் கண்டெடுத்த பெண். தக்காளி போடும் குடும்பம். தோட்டத்துக்கு அந்தக் கோடியில் நிற்கும் அப்பனைச் சோற்றுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு. பேச்சைத் தானே எழுதியிருந்தாள். பயிற்சிக்காகப் பள்ளி விட்டபின் தங்க வேண்டும் என்றபோது அவள் அப்பா வைத்த நிபந்தனை எங்கள் எல்லோருக்கும் தெரியும்: "பேரு வாங்கினா இருந்து பேசிட்டு வா. இல்லாட்டி நாலரை பஸ்ஸுக்கு வூட்டுக்கு வந்துரோணும்." பள்ளி விட்டபின் நின்று பேசிப் பழக அந்த ஒரு மணி நேரம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது வூடு, விடு என்பது வுடு. மேடையில் அது கூடாதென்று யாரோ டிரில் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளை மைதானத்து ஓரத்தில் நிறுத்தி, வூ என்று வந்தால் விசில் ஊதினார். வூடு என்றால் விசில், வீடு என்றால் தலையாட்டல். நான்கே நாளில் அந்த வூ போய்விட்டது. ஆனால் எங்கள் வாயில் உழவர் என்பதும் வுழவர் என்றுதான் வரும், உயர்வு என்பது வுயர்வு. அதற்கும் விசில் விழுந்தது. பிள்ளை என்ன செய்வாள்? கற்றுக்கொண்ட அதே வழியில், சொல்லின் முதலில் வு வந்தால் வி என்று திருத்திக்கொண்டாள். தாளில் "உழவரின் உயர்வே உலகின் உயர்வு" என்று சரியாகத்தான் இருந்தது. வாயில் "விழவரின் வியர்வே விலகின் வியர்வு" என்று வந்தது. விசில் சத்தம் இல்லை. மேடைத் தமிழ் இப்படித்தான் இருக்கும்போல என்று அவர் நினைத்துவிட்டார்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவளை என்னிடம் அழைத்து வந்தார். "ஐயா, எனக்கு கிரவுண்டு தெரியும், கிராமர் தெரியாது. ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க. சும்னே புகழ வேணாம்." சும்மா என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடத்தில்தான் வரும்.

அவள் பேசினாள். பிழையை விட்டுவிட்டுப் பார்த்தால் நான் தயார் செய்த பையன் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் இதே பக்கத்துப் பாப்பாரப்பட்டிக்காரன். நானும் வூடு என்று பேசி வளர்ந்தவன்தான். அவள் எங்கே தடம் மாறினாள் என்பது எனக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. விழவு என்றால் விழா, பழைய நூல்களில் இருக்கிற சொல், ஆகவே பெரிய பிழை இல்லை என்றுகூட எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நல்லா இருக்கு.

"நாந்தான் சொன்னேன்ல!" என்று அவர் அவள் தலையில் தட்டினார்.

தருமபுரியில் ஒரு பள்ளி அரங்கம். முதல் ‘விழவர்’ வந்தபோது ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ‘வியர்வு’ வந்ததும் பின்வரிசையில் ஒருவன் நோட்டை எடுத்து விசிறிக்கொண்டு, "ஏ, வேர்க்குதுடா! ஃபேனப் போடுங்கடா!" என்றான். அரங்கம் குலுங்கியது. அவள் நிறுத்தினாள், எதற்கென்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தாள், மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த ‘வியர்வு’க்கு நடுவரே வாயைப் பொத்திக்கொண்டார். அவள் பாதியில் இறங்கிவிட்டாள். நான் தயார் செய்த பையனுக்கு மூன்றாம் பரிசு.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பையன்தான் சொன்னான்: "நீ விழவரு, வியர்வுன்னியே, அதுக்குத்தான் சிரிச்சாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க கேட்டீங்களேங்க. அன்னிக்கும் அப்படித்தான் சொன்னனா?"

"இல்லம்மா. அன்னிக்குச் சரியாத்தான் சொன்ன. மேடை பயத்துல மாறிப்போச்சு."

முதல் பொய்யைவிட இது பெரியது. முதலாவது அவளுக்குப் பரிசை இல்லாமல் செய்தது. இதற்குப் பிறகு அவள் தன் வாயையே நம்பவில்லை. நாலரை பஸ்ஸுக்குப் போகத் தொடங்கினாள். வகுப்பில் பாடம் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், உதடு அசையும், சத்தம் வராது. பையன்கள் அவளுக்கு ‘வியர்வு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். டிரில் மாஸ்டர், "எம் விசிலு பிள்ளைய பயமுறுத்திருச்சுங்க ஐயா" என்று சொல்லி, மன்றத்துக்கு வருவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை பழையபடி என்னுடையதாயிற்று. கொட்டாவிகளும் திரும்பி வந்தன. நான் ஆசைப்பட்டது இதைத்தான்.

மூன்று மாதம் தாங்கினேன். ஒரு நாள் பாடம் படிக்க அவள் முறை வந்தது. நான் கூப்பிடும் முன்பே அவள் கண் கலங்கிவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா கூடைகளில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்: நீ என்னிடம் பேசிக்காட்டிய அன்றே பிழை இருந்தது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை, பஸ்ஸிலும் பொய் சொன்னேன்.

அப்பா சங்கடப்பட்டார். "வாத்தியாரு இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. வுடுங்க."

அவள் விடவில்லை. "திருத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்குமுங்க ஐயா?"

"அஞ்சு நிமிசம்."

அவளும் ஒரு கூடையை இழுத்து வைத்துத் தக்காளி பிரிக்க ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள்: "இங்க வந்து சொல்றீங்க. எங்க வூட்ல யாரும் என்னப் பாத்துச் சிரிக்கலீங்களே. ஸ்கூல்லதான சிரிச்சாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில், எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் வரச்சொல்லி, தலைமையாசிரியரையும் டிரில் மாஸ்டரையும் முன்னால் உட்காரவைத்து, வீட்டில் சொன்னதையே சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். பொறாமை என்ற சொல்லைச் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு பையன் சிரித்தான். டிரில் மாஸ்டர் எழுந்து வெளியே போனார். அன்று மாலை அவரைத் தேடிப் போனேன். மைதானத்தில் வாலிபால் வலையைச் சுருட்டிக்கொண்டே, "நான் உங்ககிட்டதானங்க கூட்டியாந்தேன்" என்றார். மன்றப் பொறுப்பை டிரில் மாஸ்டரிடமே தர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். டிரில் மாஸ்டர் ஏற்க மறுத்துவிட்டார். அடுத்த ஜூனில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

பையன்கள் அந்தப் பேரை விட்டுவிட்டார்கள். எனக்கு வேறொரு பேர் வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆண்டு விழாவில் பேசுகிறாயா என்று அவளிடம் கேட்டேன். "வேணாங்க ஐயா" என்றாள். தேர்வுக்கு முந்திய வாரம் வகுப்பில் யார் படிப்பது என்று நான் கேட்டபோது, கையைத் தூக்காமல் எழுந்து நின்று படித்தாள். ஒன்றரைப் பக்கம். குரல் கடைசி பெஞ்சு வரை போனது. உட்காரும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் "நன்று" என்று சொல்லவில்லை. ‘நல்லா இருக்கு’ என்று சொன்ன அதே வாயால் சொல்லக் கூசியது. அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொன்னேன்.