வெள்ளைப் பவளச் சரிவும் செல்வராணியும்

கொச்சியில் பட்டறையில் ஒரு கேமராவின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்த காலை நேரத்தில் போடிநாயக்கனூரிலிருந்து செல்வராணியின் சித்தி மகன் முருகன் அழைத்தார். "அக்கா போயிருச்சுண்ணே. வெரசா வாங்க" என்றார். கண்ணாடியைத் திரும்பப் பொருத்திவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையைப் பாதியில் விட்டு வந்தேன் என்றால் அவருடைய அக்காவுக்கே பிடித்திருக்காது. மூணாறு வழியாகப் போடிமெட்டு மலை இறங்கி வீட்டை அடைந்தபோது சாயங்காலமாகிவிட்டது. எனக்காகக் காத்திருந்தார்கள்.

செல்வராணி கடலடி மலைகளில் வாழும் உயிர்களை ஆராய்ந்தவர். நடுக்கடலில், நீர்மட்டத்தை எட்டாமல் அடியிலேயே நின்றுவிடும் மலைகள் உண்டு. வெயிலே படாத அவற்றின் சரிவுகளில் பவளங்களும் கடற்பஞ்சுகளும் கூட்டமாக வளர்கின்றன. கப்பலிலிருந்து கம்பி வடத்தில் கேமரா வண்டியை இறக்கி ஓட்டுவது என் வேலை; திரையில் தெரிவதை இன்னதென்று குறிப்பது அவருடைய வேலை. நான் போடிக்குப் பக்கத்துப் பொட்டிபுரத்துக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'அண்ணே' என்றுதான் அழைத்தார். முதன்முதலில் அப்படியொரு மலையைத் திரையில் பார்த்தபோது, "நம்ம மெட்டு மாதிரியே இருக்குண்ணே, ஜீப்பு மட்டுந்தான் இல்ல" என்றார்.

அவருடைய தாயார் போடியில் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைகளில் மகளும் கூடவே உட்கார்ந்திருக்கிறார். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம். "யோசிக்கவே வேணாம்ணே. வெளுத்ததக் கண்டா கை தானா ஒதுக்கிரும்" என்பார். பிறகு கரையோரப் பவளங்களைப் படித்தார். அங்கும் வெளுத்த பவளம் என்றால் சாகக் கிடக்கிறது என்று பொருள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவருடைய பழக்கம் கடலுக்கடியில்தான் அவரைக் கவிழ்த்தது.

அது அவருடைய முதல் ஆழ்கடல் பயணம். ஒரு மலையின் தெற்குச் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பவளக் கிளைகள், இடையிடையே குடம் போன்ற கடற்பஞ்சுகள். அந்தச் சரிவு நெடுக 'இறந்தவை' என்று குறித்துவிட்டுச் செல்வராணி சாப்பிடப் போனார். அந்தக் குறிப்பை நம்பி, மறுநாள் அங்கே ஆய்வுக்குப் பாறைத் துண்டுகள் எடுக்க இரும்புக் கூடையை இழுப்பது என்று பயணத் தலைவர் முடிவு செய்தார். கூடை போன வழியில் எதுவும் மிஞ்சாது.

ஆழ்கடல் பவளத்துக்கு வெள்ளைதான் இயல்பான நிறம் என்பது அவருக்கு நினைவு வரவில்லை. எங்கள் விளக்கின் கூச்சத்தில் அவை சுருங்கிக் கிடந்தன, அவ்வளவுதான். மறுநாள் காலை, கூடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், செல்வராணி தலைவரின் அறைக்குப் போனார். வடத்தை எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று கேட்க வந்து நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நான் தப்பா குறிச்சுட்டேன் சார். எல்லாம் உயிரோட இருக்கு. கூடைய எறக்க வேணாம்."

"நேத்து வரைக்கும் செத்துக் கிடந்ததா? யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். தப்பு என்னோடதுதான்."

கூடை இறங்கவில்லை. அந்த நாள் வீணானது. பாறைத் துண்டுகள் இல்லாமலே கப்பல் திரும்பியது. அடுத்த இரண்டு பயணங்களில் அவர் பெயர் இல்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்து வந்த படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதாக நான் கேட்டதில்லை.

மறுபடி கப்பலேறியபோது என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எதைக் கண்டாலும், "லைட்டக் கொறைங்கண்ணே, கொஞ்சம் பொறுப்போம்" என்பார். காத்திருப்போம். கிளைகளின் நுனியில் மயிரிழை போன்ற கைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதன் பிறகுதான் பேனாவை எடுப்பார். இவரோடு போனால் அரை நாள் வேலைக்கு ஒரு நாள் ஆகும் என்று கப்பலில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம், நோய் முற்றியிருந்த நிலையில், போடியில் அவரைப் பார்த்தேன். பல வருடமாகத் தொண்டையில் கிடந்ததை அன்று சொன்னேன். அந்த முதல் பயணத்தில், அவர் சாப்பிடப் போன பிறகு, வண்டியை மேலே தூக்குமுன் விளக்கைக் குறைத்தேன். வெள்ளைக் கிளைகள் கை நீட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கண்டும் வாயை மூடிக்கொண்டேன். நான் ஒப்பந்த ஊழியன், தலைவர் கோபக்காரர்.

செல்வராணி சற்று நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார். "தெரியும்ணே. படத்தோட சேந்து பதிவான ரெக்கார்டுல உங்க கொரலும் இருந்துச்சு. 'அடடா, உசுரோட இருக்கே'ன்னு உங்களுக்குள்ளயே சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி அதக் கேட்டுத்தான் நான் திரும்பப் பாத்தேன்."

"அப்ப ஏம்மா தலைவருகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க சோலி போயிரும். ரெண்டு புள்ளைகள வச்சிருந்தீங்க. எனக்கு எங்கம்மா மட்டுந்தான."

எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தச் சரிவை இதுவரை எந்தக் கூடையும் தொடவில்லை. போய் வாருங்கள் செல்வராணி. யாராவது சொன்னார்களா என்று தலைவர் கேட்டபோது வாசலில் நின்ற நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவை உயிரோடு இருப்பதை நான் பார்த்தேன். இப்போது சொல்கிறேன்.